எதற்கும் அம்மாவிடம் கேட்கவும்

விரல் முதலில் மறுத்தது. கண் அதற்குப் பிறகுதான் பெயரைப் படித்தது.

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் பில் போடும் மேசையில் உட்கார்ந்து, ஒரு கையால் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே இன்னொரு கையால் மகனுக்கு 'வேண்டாம்' சொல்லிப் பழகியவள் பாண்டீஸ்வரி. வீட்டுக்குக் கேம் பெட்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். கார்த்திக்ராஜ் புதிதாக ஒரு விளையாட்டைத் தொட்டால் போதும், இவள் போன் சிணுங்கும். இன்னார் விளையாட அனுமதி கேட்கிறார், வயது வரம்பு இவ்வளவு, சம்மதமா இல்லையா. ஒன்பது வயதுப் பையன் கேட்பதெல்லாம் பன்னிரண்டும் பதினாறுமாக இருக்கும். அட்டையில் ஏழு என்று போட்டிருந்தாலும் அவள் நம்பிவிட மாட்டாள். யாராவது விளையாடிக் காட்டும் வீடியோவைத் தேடி, சோறு தொண்டையில் இறங்கும் நேரத்தில் பாதியாவது பார்ப்பாள். ரத்தம் வருகிறதா, கெட்ட வார்த்தை வருகிறதா, முகம் தெரியாதவர்கள் வந்து பேசுகிறார்களா. சலித்துப்போகும் வேலைதான். ஆனால் அவளை விட்டால் அதைச் செய்ய வீட்டில் ஆள் கிடையாது.

அன்றைக்கு வந்திருந்தது இப்படி: 'நாகஜோதி விளையாட அனுமதி கேட்கிறார். வயது வரம்பு: 7.'

வெளியே லாரியில் வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைக்கறையின் துவர்ப்பு வாசனை எலுமிச்சைச் சோற்றுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. 'மறுக்கப்பட்டது' என்ற எழுத்து மங்கி மறையும்வரை பாண்டீஸ்வரி வாயில் இருந்ததை விழுங்கவில்லை.

நாகஜோதி அவளுடைய மூத்த மகள். ஆறு வயதில், ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டவள்.

போய்விட்டாள் என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளை அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வீட்டுச்சாமி. உள்ளறை மூலையில் ஒரு ஓலைப்பெட்டி, அதற்குள் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு. வருஷம் தவறாமல் ஆடி வெள்ளியன்று புதுத்துணி எடுத்து வைப்பார்கள். எந்த வயதில் போனாளோ அந்த வயதின் அளவுதான், எத்தனை வருஷமானாலும். "பிள்ளைக எத்தன?" என்று யார் கேட்டாலும் பாண்டீஸ்வரிக்கு வாயில் வருவது "ரெண்டு" தான்.

கேம் பெட்டியும் அதைத்தான் கேட்டது. கணவன் சுரேஷ்கண்ணன் மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். சனிக்கிழமைதான் வருவான். அப்படி வந்த ஒரு வாரம் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து டிவியில் மாட்டிவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று படுத்துவிட்டான். குடும்பத்தில் குழந்தைகள் எத்தனை என்று திரை கேட்டது. ரெண்டு. பெயர்கள்? போட்டாள். பிறந்த தேதிகள்? விரல் தானாகவே இரண்டையும் போட்டது. அடுத்த நொடி நாகஜோதியின் பெயருக்குக் கீழே அது எழுதிக் காட்டியது: 'வயது 13.'

அழிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்த எண்ணை அதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. பதிமூன்று. தாவணிக்கு ஆசைப்பட்டிருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி பார்த்திருப்பாள். தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

"என்னத்த அங்கன மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்குற?" என்றான் சுரேஷ்கண்ணன் பாயிலிருந்து.

"ஒண்ணுமில்லங்க. வயசு கேக்குது."

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே அவள் கட்டுப்பாட்டைப் போட்டாள்: எதற்கும் அம்மாவிடம் கேட்கவும்.

*

அவர்கள் ஊரான தேவாரத்தில் பொழுது அடைவதற்கு முன்பே வெயில் போய்விடும். மேற்கே மலை நிற்கிறது, சூரியன் அதற்குப் பின்னால் இறங்கியதும் ஊர்மேல் ஒரு நிழல் விழுந்து, பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் வெகுநேரம் கிடக்கும். ஆடிக்காற்று வேறு. பாண்டீஸ்வரி ஸ்கூட்டரை நிறுத்தியபோது தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏலே, மத்தியானம் வீட்டுக்கு வந்தியா?"

"ஏம்மா, மத்தியானம் கணக்கு டீச்சர் என்னய முட்டி போட வச்சிருந்தாக. நான் எங்கிட்டு வர?" கார்த்திக்ராஜ் திரும்பாமலே சொன்னான். கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வயதுக்கு மேல் யாரும் விளையாடலாம்.

"அக்கா பேருல யாரு கேட்டது அப்ப?"

"அக்காவா? அது சாமில்ல? சாமி கேம் வெளாடுமா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "வெளாண்டாலும் அதுக்கென்ன, பதிமூணு வயசு. பன்னெண்டு பிளஸ் எல்லாம் ஜாலியா வெளாடும். எனக்குத்தான் கார் ஓட்டியே கை தேயுது."

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு. போயி மூஞ்சியக் கழுவு."

பழுதாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே போனைத் திறந்து, மறுத்த வேண்டுகோளை மறுபடி பார்த்தாள். விளையாட்டின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. படம் மட்டும் இருந்தது. இருட்டு, பழுப்புப் பலகை, ஆணித் தலைகள், ஒரு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒரு பூ. குகையா, பாதாள அறையா, ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகளுக்கு எதற்கு இந்த இருட்டுப் படங்கள் என்று அலுத்துக்கொண்டு போனை வைக்கும்போது கையிலிருந்து கத்தரிக்காய்த் துண்டு நழுவி டைனிங் டேபிளுக்கு அடியில் உருண்டது.

குனிந்தாள். எடுத்தாள். நிமிரும்போது தலை இடிக்காமல் இருக்க மேலே பார்த்தாள்.

பழுப்புப் பலகை. ஆணித் தலைகள். ஓரத்தில், என்றைக்கோ ஒரு ஆறு வயதுக் கை மல்லாந்து படுத்துக்கொண்டு ஒட்டிய சூரியகாந்தி ஸ்டிக்கர்.

அப்படியே குந்தியிருந்தாள். மேசைக்கு அடியில் காற்று வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன பாய்போல.

*

ஆடி வெள்ளியன்று மதினி வந்தாள். சுரேஷ்கண்ணனின் அக்கா மொக்கம்மாள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள். சாமிக்குத் துணி எடுப்பது அத்தைக்காரியின் உரிமை, அதை யாருக்கும் விட்டுத் தரமாட்டாள்.

"தேனி வரைக்கும் போயி எடுத்தேன்டி பாண்டி. இங்கன உள்ள கடைல எல்லாம் ஒரே பேன்ட்டு சட்டையா தொங்குது. அங்க கடைல நிக்குற பிள்ள சொல்லுது, 'பாப்பாவுக்கு வயசு என்ன ஆத்தா, கொஞ்சம் பெருசாவே எடுத்துருங்க, வளரும்ல'ன்னு." மொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எஞ்சாமி வளராதுத்தான்னேன். முழிக்குது."

அரக்கு நிறப் பாவாடையும் ஜரிகை வைத்த சட்டையும் டைனிங் டேபிள்மேல் கவரோடு கிடந்தன. பாண்டீஸ்வரி சிரிக்க முயன்றாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க, ஓலைப்பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மூடியைத் தூக்கினார்கள்.

போன வருஷத்துப் பச்சைச் சட்டை மேலாக இருந்தது. மடித்து வைத்த மடிப்பில் இல்லை. இரண்டு அக்குளிலும் தையல் விட்டுப் பிரிந்து, முதுகில் துணியே கிழிந்து, கொக்கிகள் இழுபட்டு நேராகி இருந்தன. கீழே வளையல்கள். ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் இரண்டு இரண்டாக.

"எலியா?" என்றாள் மொக்கம்மாள். அவளே குனிந்து பார்த்தாள். எலி கடித்தால் ஓரம் பொடிப்பொடியாக இருக்கும். இது அப்படி இல்லை. பத்தாத சட்டையைப் பிள்ளைகள் அடம்பிடித்துப் போட்டுக்கொள்ளும்போது கிழியுமே, அந்தக் கிழிசல்.

"மதினி," என்றாள் பாண்டீஸ்வரி மெதுவாக. "சாமிக்கு வயசு ஏறுமா?"

"கிறுக்குச்சி மாதிரிப் பேசாத. வளராம இருக்கப் போயித்தான்டி நம்ம வீட்டுல கெடக்கு. வளந்துச்சுன்னா நம்ம குடுக்குற பாவாடையும் பொங்கலும் அதுக்குக் காணுமா? அது கேக்குறதே வேறயால்ல இருக்கும்." கையிலிருந்த சட்டையைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

போன் சிணுங்கியது.

'நாகஜோதி விளையாட அனுமதி கேட்கிறார். வயது வரம்பு: 12.'

திறந்தாள். இந்த முறை படத்தில் வெளிச்சம் இருந்தது. டைனிங் டேபிளின் மேல்பலகை, குடத்தில் பாதித் தண்ணீர், கார்த்திக்கின் புத்தகப் பை. அதன் பக்கத்தில் கவரோடு அரக்கு நிறப் பாவாடை. மேசையைவிட ஒரு முழம் உயரத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி.

மேசை இவர்களுக்கு நேர் எதிரே இருந்தது. அதன் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஜன்னல் சீலை மட்டும், காற்றில்லாத நேரத்தில், மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

மறுத்தாள்.

*

மதினியை அனுப்பிவிட்டுப் போனோடு உட்கார்ந்தாள். அக்கவுண்டை எடுத்துவிட வழி இருந்தது. தேடிப் பிடித்தாள். கடைசியில் திரை ஒரே ஒரு கேள்வி கேட்டது: 'நாகஜோதியைக் குடும்பத்திலிருந்து நீக்கவா?'

கட்டை விரல் அந்த எழுத்தின்மேல் நின்றது. உள்ளறையில் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எந்த அம்மாவால் முடியும்? 'வேண்டாம்' என்பதைத் தொட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுரேஷ்கண்ணன் போனில் அரைக் காதால்தான் கேட்டான். பின்னால் ஏலக்காய் ஸ்டோரின் இரைச்சல். "செகண்ட் ஹேண்ட் பொட்டி பாண்டி, அப்பிடித்தான் ஏதாச்சும் பண்ணும். கழட்டிப் பரண்ல போடு. சனிக்கெழம வந்து பாக்குறேன். நீ தூங்கு மொதல்ல, குரலே ஒரு மாதிரி இருக்கு."

கழற்றினாள். ஒயர், பெட்டி, இரண்டு கண்ட்ரோலர், எல்லாவற்றையும் பழைய சேலையில் கட்டிப் பரணில் ஏற்றினாள். கார்த்திக் அழுதான். "நான் என்னம்மா செஞ்சேன்? நீ வேணாம்னா வேணாம்னுதான இருந்தேன்." இனிமேல் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அத்தை வீட்டுக்குப் போய்விடு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன், வீட்டுக்குத் தனியாக வராதே என்று மட்டும் சொன்னாள்.

அப்படியும் தூக்கம் வரவில்லை. அடுப்படியில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, பரணிலிருந்து மிகச் சின்னதாக ஒரு சத்தம். பல்லி தட்டுவதுபோல. இல்லை, பட்டன் அமுங்கும் சத்தம். டிக். டிக். பொறுமையாக, இன்னும் பிடிபடாத ஒன்றைத் தனியாக உட்கார்ந்து பழகுகிற பிள்ளையின் விரல்போல.

*

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மண்டியில் நிற்க இடமில்லை. வாசலில் லாரிகள், உள்ளே தார்கள், பில் மேசையைச் சுற்றிக் கைகள். பாண்டீஸ்வரியின் கண் எரிந்தது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

போன் சிணுங்கியது. 'நாகஜோதி. வயது வரம்பு: 16.' படத்தைத் திறக்கவில்லை. மறுத்தாள்.

மறுபடி. மறுத்தாள்.

மறுபடி.

"என்னத்தா, போனும் கையுமா இருக்க?" முதலாளி சீனிச்சாமி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "கோட்டயம் லாரி டிரைவரு அங்கன மலையாளத்துல என்னய வைதுக்கிட்டு நிக்கிறான். எனக்குப் புரியலன்னு நெனப்பு அவனுக்கு."

"பிள்ள கேக்குது அண்ணாச்சி…"

"குடுத்துட்டு வேலயப் பாரு. பிள்ள கேட்டா விடுமா?"

கூட்டம் சிரித்தது. போன் மறுபடி துடித்தது, மேசைமேல் கிடந்தபடி, தரையில் போட்ட மீன்போல. மறுத்தாள். நிறுத்தி ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி. அதில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து 'அம்மா, அம்மா' என்கிற அதே இழுப்பு. எத்தனை தடவைதான் ஒரு பிள்ளைக்கு மாட்டேன் என்று சொல்வது? பெட்டி பரணில் இருக்கிறது. ஒயர்கூட இல்லை. மகன் அத்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறான். சரி என்றுதான் சொன்னால் என்ன ஆகிவிடும்?

'எப்போதும் அனுமதி' என்று ஒரு பொத்தான் இருந்தது. தொட்டாள்.

போன் அடங்கியது. அடங்கியதும் மண்டியின் இரைச்சல்கூடத் தள்ளிப்போன மாதிரி இருந்தது. வெகுகாலமாகத் தோளில் தொங்கிய ஒன்று இறங்கினாற்போல ஒரு நிம்மதி. அவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. அப்போதுதான், இனிமேல் அவளைக் கேட்கவேண்டியதில்லை என்பதால், படம் தானாகவே திரை முழுக்க விரிந்தது.

மேலேயிருந்து பார்த்த ஒரு தலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய, சின்னத் தலை. உச்சியில் இரட்டைச் சுழி.

அந்தச் சுழிகளை அவள் தினமும் காலையில் சீப்பால் படியவைக்கிறாள்.

நாற்காலி பின்னால் விழுந்தது. மதினிக்குப் போன் போட்டாள்.

"மதினி, கார்த்தி அங்கன இருக்கானா?"

"இருந்தானே. இப்பத்தான் பணியாரத்தப் பாதியில வச்சுட்டு ஓடுனான்." மொக்கம்மாளின் குரல் சாதாரணமாக இருந்தது. "நீ வந்துட்டன்னுல்ல நெனச்சேன்? 'அம்மா சரின்னுட்டாகளாம், வெளாடப் போறேன்'னான். ஏன்டி, நீதான சரின்னு சொன்ன?"

"யாரு மதினி? யாரு அவன்கிட்ட சொன்னது?"

"யாரு சொன்னாகளோ! வாசல்ல நின்னு யார்கூடவோ பேசிட்டு…" குரல் தயங்கியது. "பாண்டி? ஏத்தா?"

ஸ்கூட்டர். காற்று. மலை எதிரே வளர்ந்துகொண்டே வந்தது. அதன் நிழல் தென்னந்தோப்புகளை முடித்து, திராட்சைப் பந்தல்களை முடித்து, சாலைக்கு வந்துவிட்டது. நிழலுக்குள் நுழைந்ததும் கைகள் சில்லிட்டன. போன் பைக்குள் ஒரு தரம்கூடச் சிணுங்கவில்லை. சிணுங்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினாள். ஒரே ஒரு தரம். ஒரே ஒரு தரம் கேட்டால் போதும். மறுத்துவிடுவாள்.

தெருவில் கரண்டு இல்லை. வாசலில் கார்த்திக்கின் செருப்பு. கதவு ஒருக்களித்து.

உள்ளே மங்கல். பரண்மேல் சேலை மூட்டை கட்டியபடியே இருந்தது.

கூடத்தில், அணைந்த டிவிக்கு முன்னால், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். யூனிஃபார்மோடு. முழங்கைகள் முன்னால் மடங்கியிருந்தன. கையில் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு கட்டை விரல்களும் அசைந்துகொண்டிருந்தன. வேகமாக. டிக். டிக். டிக்.

"ஏலே கார்த்தி."

"இரும்மா." குரலில் சந்தோஷம். "அக்கா சொல்லிக் குடுக்குது."

"எந்திரிச்சு வாடா. அம்மாகிட்ட வா."

"விட மாட்டேங்குதும்மா."

டிவியின் கறுப்புக் கண்ணாடியில் கூடம் தெரிந்தது. வாசல் வெளிச்சம் தெரிந்தது. வாசலில் அவள். நடுவில் அவன்.

அவன் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை.

கண்ணாடிக்குள் அவன் ஒரு மடியில் இருந்தான். மடக்கியும் மடக்க முடியாத நீளமான கால்கள் அவனுக்கு இரண்டு பக்கமும். மார்பும் தோளும் அவனுக்குப் பின்னால் மேலே போய்க்கொண்டே இருந்தன. தலை இருக்கவேண்டிய இடத்தில் டிவி முடிந்துவிட்டது. அங்கிருந்து கூந்தல் மட்டும் அவன்மேல் இறங்கியிருந்தது. அவனுடைய சின்ன விரல்களின்மேல் நீண்ட விரல்கள் படிந்து, ஒவ்வொன்றாக, பொறுமையாக அமுக்கிக்கொண்டிருந்தன.

'நிறுத்து' என்று சொல்ல வாயைத் திறந்தாள். 'வேண்டாம்' என்று. அவள் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தை. வரவில்லை.

விரல்கள் நின்றன.

அவள் வந்ததை அது கவனித்துவிட்டது. கூந்தல் மெல்லத் திரும்பியது, வாசல் பக்கமாக. நீண்ட கை ஒன்று தம்பியின் விரல்களை விட்டு எழுந்து, அவசரமே இல்லாமல், அன்பாகக்கூட, அவன் முகத்துக்கு வந்தது. இனி வரப்போகும் காட்சி இவன் வயதுக்கு ஆகாது என்பதுபோல அவன் கண்கள் இரண்டையும் பொத்திக்கொண்டது.